வீட்டைவிட்டு வெளியே போகாத நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி எதற்கு?

கேள்வி (18 அக்டோபர் 2024, தாம்பரம் வாசகர்):
எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. முதல் மாடியில் குடியிருக்கிறோம். காலையும் மாலையும் பத்து நிமிடம் தெருவில் நடப்பதோடு சரி, மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள்தான். டாக்டர் ஆண்டுதோறும் ஏழு நோய் ஊசி போடச் சொல்கிறார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று வெளிநாட்டு விதிமுறைகளே சொல்கின்றன. எலிக்காய்ச்சல் வயலில் வேலை செய்பவர்களுக்கு வருவது. இதில் பாதி வியாபாரம் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (18 அக்டோபர் 2024, இரவு 9.40, மடிப்பாக்கம் வாசகி; கீழே வரும் பதிவுகளும் இவருடையவை):

வியாபாரம் இல்லை. சென்ற டிசம்பரில் எங்கள் சீனு இந்த நோயில் விழுந்து பிழைத்ததே பெரிது.

சீனு நாட்டு நாய், அப்போது ஆறு வயது. மடிப்பாக்கத்தில் எங்களுக்குத் தரைத்தள வீடு. மிக்ஜாம் புயலில் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கரண்ட் நான்கு நாள் இல்லை. அவன் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்க மாட்டான், அடக்கிக்கொண்டே நிற்பான். வேறு வழியில்லாமல் அந்தத் தண்ணீரிலேயே தெருமுனை மேடுவரை நடத்திக் கூட்டிப்போனேன். டிசம்பர் 13, புதன்கிழமை, சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுதான் தொடக்கம்.

மூன்று ஆண்டுக் கணக்கு பாதி சரி. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி ஆகிய வைரஸ் நோய்களுக்குக் குட்டிப்பருவ ஊசிகள் முறையாக முடிந்திருந்தால் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். எலிக்காய்ச்சல் ஊசி அந்தக் கணக்கில் வராது. அதன் பாதுகாப்பு ஏறக்குறைய ஓராண்டுதான், ஆண்டுதோறும் போட்டாக வேண்டும். ஒரே ஊசியில் இரண்டையும் சேர்த்துப் போடுவதால் வரும் குழப்பம் இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சீனுவுக்கு 2023 மார்ச்சில்தான் ஊசி போட்டிருந்தோம். ஆனாலும் வந்தது. ஊசி நூற்றுக்கு நூறு இல்லை.

18 அக்டோபர் 2024, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் அவன் சாப்பிடாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளத்தில் எதையாவது தின்றிருப்பான் என்று மோர்சாதம் கரைத்து வைத்தேன். மறுநாள் நான்கு முறை வாந்தி. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போனோம். உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி, வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதைவிட, வெள்ளத்தில் நடந்தான் என்பதை நானே சொல்லவில்லை என்பதுதான் இன்றும் மனதைக் குடைகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர்களும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து நிற்கச் சிரமப்பட்டான். இடுப்பைத் தொட்டால் முனகினான். தண்ணீர்ச் சட்டியைவிட்டு நகரவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தான். நான்காம் நாள் காலை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள். சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போனது.

இரண்டாவது டாக்டர் மேசையில் ஏற்றுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி: “வீட்டுப் பக்கம் எலி உண்டா? தண்ணீரில் நடந்தானா?” அன்று மாலை ரத்த முடிவு வந்தது. சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 6.8, மிக அதிகம். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் ஏறியிருந்தது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 62,000-க்கு இறங்கியிருந்தது. ஆறு நாள் டிரிப்ஸ். வாந்தி நிற்கும்வரை ஆம்பிசிலின் நரம்பில், வாந்தி நின்றதும் டாக்சிசைக்ளின் மாத்திரை இரண்டு வாரம். பதினோராம் நாள்தான் வாலை ஆட்டினான்.

19 அக்டோபர் 2024, காலை 7.05

மாடி வீடு என்பதைப் பற்றி. உங்கள் நாய் வயலுக்குப் போக வேண்டியதில்லை தம்பி, எலி உங்கள் வாசலுக்கு வருகிறதே. எலிக்கு இந்தக் கிருமியால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதன் சிறுநீரகத்தில் குடியிருந்துகொண்டு சிறுநீரோடு மாதக்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறுநீர் கலந்த குட்டை, சேறு, ஈரப்புல், படிக்கட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் அதை நக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண், மூக்கு, வாய் இவற்றின் ஈரத்தோல் வழியாகவும், காலில் சின்னக் கீறல் இருந்தால் அதன் வழியாகவும், வெகுநேரம் ஊறிய தோல் வழியாகவும் உள்ளே போகும். பத்து நிமிட நடையில் ஒரு குட்டையை மிதித்தால் போதும்.

காய்ந்தால் சாகும். நல்ல வெயிலில் சாகும். அதனால்தான் மே மாதத்தில் இந்தப் பேச்சு எழுவதில்லை, ஐப்பசி பிறந்ததும் எழுகிறது.

19 அக்டோபர் 2024, மதியம் 1.30

உண்ணிக் காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கு: பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் காய்ச்சல், சோர்வு, பிளேட்லெட் இறக்கம் உண்டு. உண்ணியால் வரும் பாபீசியாவில் மஞ்சளும் உண்டு, சிறுநீர் கறுத்தும் போகும். சென்னையில் உண்ணி இல்லாத தெரு எது? அதனால் டாக்டர்கள் முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். வித்தியாசத்தைக் காட்டியது சிறுநீரகம்தான். எங்களுக்கு அந்தக் கிரியாட்டினின் எண்தான் வழியைத் திருப்பியது. வாந்தியோடு நாய் மிதமிஞ்சித் தண்ணீர் குடித்தாலோ, சிறுநீர் திடீரென்று கூடினாலோ அல்லது நின்றுபோனாலோ, அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வீட்டில் மிச்சம் இருக்கும் டாக்சிசைக்ளினை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மருந்து உள்ளே போனபின் எடுக்கும் ரத்தத்தில் கிருமி சிக்காமல் போகலாம். முதலில் ரத்தம், சிறுநீர் மாதிரி, அப்புறம் மருந்து. அதே சமயம் முடிவு வரட்டும் என்று மருந்தை நிறுத்திவைக்கவும் கூடாது. எங்கள் டாக்டர் மாதிரி எடுத்த அரை மணி நேரத்தில் மருந்தைத் தொடங்கிவிட்டார்.

20 அக்டோபர் 2024, மாலை 6.20

ஒரு திருத்தம். முக்கியமான திருத்தம், மேலே எழுதியதை நம்பியவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

ஊசி போட்டும் வந்தது என்று எழுதியிருந்தேன். இன்று பீரோவைக் கிளறிச் சீனுவின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2023 மார்ச் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர். அதில் டிஸ்டெம்பர், ஹெபடைட்டிஸ், பார்வோ, பாராஇன்ஃப்ளுயன்சா ஆகியவற்றின் எழுத்துகள் மட்டும். ‘எல்’ இல்லை. லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், இல்லை. அதற்கு முந்தைய பக்கம், 2022 பிப்ரவரியில் இரண்டு ஸ்டிக்கர்கள், இரண்டாவதில் லெப்டோ. ஆக, சீனு நோயில் விழுந்தபோது அவனுக்கு லெப்டோ ஊசி போட்டு 22 மாதங்கள் ஆகியிருந்தன. பாதுகாப்பே இல்லாமல்தான் அந்தத் தண்ணீரில் நடத்தியிருக்கிறேன்.

எங்கள் டாக்டருக்கு போன் செய்து கேட்டேன். விளக்கினார். இந்த ஊசிகள் பலவற்றில் இரண்டு குப்பிகள் இருக்கும். ஒன்றில் உலர்ந்த வில்லை போல வைரஸ் மருந்து. அதைக் கரைக்க ஒரு திரவம் வேண்டும். லெப்டோ மருந்தே திரவமாக வருவதால் அதை ஊற்றிக் கரைத்தால் ஒரே ஊசியில் இரண்டும் போய்விடும். லெப்டோ குப்பி கைவசம் இல்லையென்றால் வெறும் கரைப்பு நீரை ஊற்றியும் கரைக்கலாம். அப்போது நாய்க்கு வைரஸ் பகுதி மட்டும் கிடைக்கும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஊசிதான். நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

2023 மார்ச்சில் ஊசி போட்ட கிளினிக்கில் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமல் விட்டார்கள். ஊசி பலிக்கவில்லை என்று நான் எழுதியது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

உங்கள் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். இரண்டு ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அல்லது ஒரே ஸ்டிக்கரில் ‘எல்’ எழுத்தோ லெப்டோ என்ற சொல்லோ இருக்க வேண்டும். வெறிநோய் ஊசியோடு சேர்ந்து வரும் லெப்டோவும் உண்டு, அங்கேயும் பாருங்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

20 அக்டோபர் 2024, இரவு 10.00

தம்பி தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், குட்டியில் ஒரே ஒருமுறை லெப்டோ, அப்புறம் இல்லை என்று. அப்படியென்றால் ஒரே ஊசியில் முடியாது. புதிதாகத் தொடங்குவது போலத்தான். இப்போது ஒன்று, 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஓராண்டு தாண்டி வெகுநாள் விட்டுப்போனவர்களுக்கும் இதே முறை. முதல் ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, இரண்டாவதும் போய் ஒன்றிரண்டு வாரம் ஆக வேண்டும். அதனால்தான் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது அக்டோபர். பரவாயில்லை, நம் ஊர் மழை டிசம்பர்வரை இருக்கிறது. நாளைக்கே போங்கள்.

24 அக்டோபர் 2024, இரவு 8.45

ஊசி எல்லா வகையையும் தடுக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தடுக்காது. இந்தக் கிருமியில் வகைகள் நூற்றுக்கணக்கில். பழைய ஊசிகளில் கேனிகோலா, இக்டீரோஹெமராஜியே என்ற இரண்டு மட்டும். முதலாவது நாய்களிடமே குடியிருப்பது, இரண்டாவது பெரும்பாலும் எலிகளிடம். நான்கு வகை சேர்த்த ஊசிகளும் உலகில் வந்துவிட்டன. சென்னையில் மனிதர்களிடமும் நாய்களிடமும் செய்த ரத்த ஆய்வுகளில் ஆட்டம்னாலிஸ் என்ற வகை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அது இந்த இரண்டிலும் இல்லை. ஒரு வகைக்குப் போட்ட ஊசி மற்ற வகையைத் தடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

அப்படியானால் போடுவதில் என்ன பயன்? இரண்டு கதவில் ஒன்றையாவது சாத்துகிறோம். இன்னொன்றுக்கு எலியையும் தேங்கிய தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த நோய் நிலைகொண்டிருக்கும் ஊர்களில் பொருத்தமான ஊசி கிடைத்தால் எல்லா நாய்க்கும் போட வேண்டிய அடிப்படை ஊசியாகவே இதைச் சேர்த்துவிட்டது. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்கள் 2023-இல் எல்லா நாய்க்கும் ஆண்டுதோறும் போடச் சொன்னார்கள். அமெரிக்காவில் நம் ஊர் அளவுக்குச் சாக்கடை திறந்து கிடப்பதில்லை. ஆகவே வெளிநாட்டு விதிமுறை என்று தம்பி முதலில் சொன்னாரே, அந்த விதிமுறையும் போடு என்றுதான் சொல்கிறது.

24 அக்டோபர் 2024, இரவு 9.10

மேலே விட்டுப்போனது: ஊசி போட்டதும் உடனே கிளம்பாதீர்கள், அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். சில நாய்களுக்கு, அதிலும் சின்ன இனங்களுக்கு, முகம் வீங்கலாம், வாந்தி வரலாம். அருகிலேயே டாக்டர் இருந்தால் உடனே பார்த்துவிடுவார். முன்பு ஒவ்வாமை வந்த நாயாக இருந்தால் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

2 நவம்பர் 2024, காலை 10.30

தீபாவளி வெடிச்சத்தத்தில் சீனு மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். இன்றுதான் வெளியே வந்து வெயிலில் படுத்திருக்கிறான்.

வீட்டில் மனிதர்களுக்கு வருமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வரும். நாயின் சிறுநீரிலிருந்து நமக்கு வரும். நோய் கண்ட நாய் எச்சில் பட்டாலே வரும் என்பதில்லை, சிறுநீர்தான் முதல் வழி. மருந்து தொடங்கிய சில நாள்களில் கிருமி வெளியேறுவது வெகுவாகக் குறைந்துவிடும். மருந்தே கொடுக்காமல் தானாகத் தேறிய நாய் மாதக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் நாய் எழுந்து நடந்துவிட்டது என்று இரண்டு வார மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

என் மாமியாருக்குக் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. ஐம்பது ஆண்டாகச் செருப்பில்லாமல் கொல்லையில் நடந்து பழகியவர். வெடிப்பு என்பது திறந்த புண்தானே. டாக்டர் சொன்ன அன்றே அவருக்கு ரப்பர் செருப்பு வாங்கி வந்தோம். கோபப்பட்டார், துளசி மாடத்துக்குச் செருப்போடு போவதா என்று. மாடத்தை மட்டும் திண்ணைக்கு மாற்றினோம். இப்போது சுற்றிலும் சிமெண்டுத் தரை, காய்ந்து கிடக்கிறது, அங்கே வெறுங்காலோடு போகிறார்.

என் கணவருக்கு அந்த வாரமே காய்ச்சல் வந்தது. எங்கள் குடும்ப டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக நாய்க்கு எலிக்காய்ச்சல் என்று சொன்னோம். ரத்தம் பார்த்ததில் அது இல்லை. ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்தப் பரிசோதனையை எழுதியிருக்கவே மாட்டார். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் நோய்நாளில் நாயின் சிறுநீரை அவர்கள் கிட்டவே நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2 நவம்பர் 2024, மதியம் 12.15

சுத்தம் செய்த முறை. கையுறை, மூடிய செருப்பு. சிறுநீரின் மேல் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கக் கூடாது, தெறித்துக் கண்ணில் படும். பழந்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போட்டோம். பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தோம். பிளீச்சோடு கழிவறை ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், கிளம்பும் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும்.

கொல்லை மண்ணிலும் பிளீச்சிங் பவுடர் தூவினேன்.

3 நவம்பர் 2024, காலை 8.00

நேற்று எழுதியதில் கடைசி வரியை நம்பாதீர்கள். மண்ணில் தூவியது வீண் என்று டாக்டரே அப்போது சொன்னார், எழுதும்போது மறந்துவிட்டேன். சேறும் இலைதழையும் கலந்த இடத்தில் பிளீச் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். சிமெண்டுத் தரைக்குத்தான் அது. மண்ணுக்கு வேண்டியது வடிகால், வெயில். நாங்கள் கடைசியில் செய்தது, கொல்லையில் பள்ளமான மூலையில் செங்கல் ஜல்லி கொட்டி மேடாக்கியது, வாழைமரத்தின் தாழ்ந்த இலைகளை அறுத்து வெயில் விழ வைத்தது. அதற்குப் பிறகு அந்த மூலை மழை நின்ற இரண்டாம் நாளே காய்ந்துவிடுகிறது.

3 நவம்பர் 2024, இரவு 9.30

கீழாநெல்லி கொடுத்தீர்களா என்று கேட்டவருக்கு. என் மாமியார் மஞ்சளைப் பார்த்ததும் பறித்து அரைத்தே வைத்துவிட்டார். அவர் அன்பில் குறை இல்லை. ஆனால் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத நாய்க்கு வாயைத் திறந்து எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து உண்டு. கொடுக்கவில்லை. மஞ்சள் என்பது அறிகுறி, கிருமி வேறு இடத்தில் இருக்கிறது, சிறுநீரகம் மணிக்கு மணி கெட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் டிரிப்ஸைத் தவிர வேறு எதுவும் அவனைத் தாங்கியிருக்காது.

மாத்திரையைப் பன்னீரில் பொதிந்து கொடுத்தேன், முதல் இரண்டு நாள். அதுவும் தவறு. பால் பொருளில் இருக்கும் கால்சியம் டாக்சிசைக்ளின் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைக்கச் சொன்னார் டாக்டர். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும்.

16 நவம்பர் 2024, மாலை 5.00

கோவை அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். இரண்டே நாளில், இருமலோடு ரத்தம் வந்து இறந்துபோன அந்தப் பெண் நாயைப் பற்றி. நீங்கள் ஏதோ தவறவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கா, இந்த நோய் சில நாய்களுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவாகவே வரும். மஞ்சள் தெரிவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும், பெரிய மருத்துவமனையில் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போகும். நீங்கள் அன்று காலையே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். நான் மூன்று நாள் தாமதித்தும் சீனு இருக்கிறான். இதில் நியாயம் எதுவும் இல்லை.

மற்றவர்களுக்கு: மூச்சு வேகமாக இரைத்தால், ஈறு வெளிறினால், இரவு என்றும் பாராமல் கிளம்புங்கள்.

16 நவம்பர் 2024, இரவு 10.40

அந்தக் கடிதத்துக்குப் பிறகு மனம் கனத்துவிட்டது. இந்தக் கிருமியைப் பற்றி நான் படித்து வைத்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். 1907-இல் ஸ்டிம்சன் என்ற மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில் இந்தச் சுருள் கிருமிகளைப் பார்த்தார். அவற்றின் நுனி கொக்கி போல வளைந்து கேள்விக்குறி மாதிரி இருந்ததால் ‘இன்டெரோகன்ஸ்’, அதாவது கேட்பது, என்று பெயர் வைத்தார். எங்கள் டாக்டர் கேட்ட அந்த இரண்டு கேள்விகள்தான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. நாய்களில் இந்த நோய் முதலில் பேசப்பட்டது 1898-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு நாய்க் கண்காட்சியை ஒட்டி. சீவிச் சிங்காரித்து வளர்த்த வீட்டு நாய்கள் அவை, வயலில் திரிந்தவை அல்ல. நம் பக்கத்தில் அந்தமானில் 1980-களின் இறுதியில் மழைக்குப் பின் ஆட்களைக் கொன்ற புரியாத ரத்தக்கசிவுக் காய்ச்சலும் கடைசியில் இதுவாகத்தான் இருந்தது.

1 டிசம்பர் 2024, காலை 11.00

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துவிட்டது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். இந்த முறை சீனுவைத் தெருவில் இறக்கவில்லை. மொட்டை மாடியில் ஒரு மூலையில் பழைய கோணியும் கொஞ்சம் மணலும் போட்டு அக்டோபர் முழுக்கப் பழக்கியிருந்தேன். முதல் வாரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பழகிவிட்டான். சென்ற ஆண்டே இதைச் செய்திருக்கலாம்.

தண்ணீரில் இறக்கியே ஆக வேண்டியவர்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவித் துண்டால் ஈரம் போகத் துடையுங்கள், காலை நக்க விடாதீர்கள். குடிக்கும் தண்ணீரை வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், வழியில் குட்டையில் வாய் வைக்காது.

1 டிசம்பர் 2024, இரவு 8.20

தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நானும் வைப்பவள்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தரையில் கொட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மீந்ததை இரவில் பெருச்சாளி தின்ன வரும், தின்ற இடத்திலேயே சிறுநீர் விடும், காலையில் அதே இடத்தை நாய் நக்கும். தட்டில் வையுங்கள், கால் மணி நேரம் நின்று, மீந்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள். மாநகராட்சி தெருநாய்களுக்குக் கருத்தடையோடு போடுவது வெறிநோய் ஊசி. எலிக்காய்ச்சல் ஊசியை நாமே பார்த்துச் செய்தால்தான் உண்டு. எங்கள் தெருவில் நான்கு நாய்களுக்கு மூன்று வீட்டார் சேர்ந்து செப்டம்பரில் போட்டோம்.

எலி மருந்து வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த பிரோமாடியோலோன் கட்டியை நாய் தின்றாலும் ஆபத்து, தின்று செத்த எலியை நாய் கவ்வினாலும் ஆபத்து. பொறி வையுங்கள், செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

9 டிசம்பர் 2024, மாலை 4.15

முதல் நாள் எழுதியதில் இன்னொன்றைத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளத்தண்ணீரில் நடத்தியதால்தான் வந்தது என்று இந்த ஓராண்டாக என்னையே குற்றம் சொல்லி வந்தேன். இன்று சம்ப் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்தார். மோட்டார் இருக்கும் சின்ன அறையின் கதவைத் திறந்ததும் வாடை. மூலையில் பெருச்சாளி வளை, கை நுழையும் அளவுக்கு. சுற்றிலும் எச்சம். அந்தக் கதவுக்கு நேர் வெளியேதான் சீனுவின் தண்ணீர்ச் சட்டி எப்போதும் இருக்கும், இரவிலும் நிறைந்தே கிடக்கும்.

வெள்ளமா, இந்தச் சட்டியா, இப்போது யாராலும் சொல்ல முடியாது. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஒரு வாரம்போல ஆகும் என்பதால் இரண்டுமே பொருந்துகிறது. ஆனால் தம்பியின் கேள்விக்கு என் பதில் மாறுகிறது. தெருவுக்கே போகாத நாயாக இருந்திருந்தாலும் சீனுவுக்கு இது வந்திருக்கலாம். எங்கள் இன்னொரு நாய் மல்லி, பதினோரு வயது, வாசல்படி தாண்டாதவள். அன்று டாக்டர் அவளுக்கும் சேர்த்து டாக்சிசைக்ளின் எழுதினார். நல்லாத்தானே இருக்கிறாள், எதற்கு என்று கேட்டேன். இரண்டும் குடிப்பது ஒரே சட்டியில்தானே என்றார். அன்று அந்தப் பதிலின் கனம் எனக்குப் புரியவில்லை.

சட்டியை இரவில் கவிழ்த்து வைக்கிறேன். நாய் உணவு மூட்டையை இறுக்கமான மூடி போட்ட டிரம்முக்கு மாற்றிவிட்டேன்.

9 டிசம்பர் 2024, இரவு 9.50

தம்பி, இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது, புத்தகத்தில் இரண்டு ஸ்டிக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் குளிர்ந்தது. அடுத்த ஆண்டுக்கு நவம்பர்வரை காத்திருக்காமல் மழைக்கு முன்பே, ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள், கொஞ்சம் முன்கூட்டிப் போடுவதில் கெடுதல் இல்லை.

சீனு எப்படி இருக்கிறான் என்று கேட்டீர்கள். கிரியாட்டினின் 2.0-க்குக் கீழே இறங்கவே இல்லை. சிறுநீரகம் பழையபடி ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம். சிறுநீரக உணவு, அதை அவனுக்குப் பிடிக்கவில்லை, வெந்நீர் ஊற்றிக் கிளறினால் தின்கிறான். ஒரு நாளைக்கு மூன்று சட்டி தண்ணீர் குடிக்கிறான், இரவில் இரண்டு முறை எழுப்புகிறான். எழுந்து மாடிக்குக் கூட்டிப்போகிறேன்.

15 டிசம்பர் 2024, காலை 9.00

போன வாரம் கொத்தனார் வந்து வளையை மண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்துவிட்டுப் போனார். இன்று காலை பார்த்தால் அடைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புதிய துளை, வெளியே ஈரமண் குவியல். கண்ணாடிச் சில்லைச் சிமெண்டில் கலந்து ஒரு முழ ஆழத்துக்கு இறக்கினால்தான் தோண்டாது என்கிறார். உடைந்த பாட்டில்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வருகிறார், அதுவரை இரண்டு நாய்களும் கொல்லைப்பக்கம் போகாதபடி கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.